மார்ட்டின் கூனி

மார்ட்டின் ஆர்தர் கூனி (1869 - மார்ச் 1, 1950) குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைகளை இன்குபேட்டர் எனப்படும் அடைகாப்புப் பெட்டிகளில் வைத்துப் பேணி, அவற்றைப் பொதுமக்களுக்குக் கட்டணத்திற்குக் காட்டி, அக்கட்டணத்தைக் கொண்டே அவற்றின் உயிரைக் காத்தவர். ஐக்கிய அமெரிக்காவின் பொருட்காட்சிகளிலும் கடற்கரைப் பொழுதுபோக்குப் பூங்காக்களிலும் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் இப்பணியைச் செய்தார். டாக்டர் கூனி என்றே அனைவரும் அவரை அழைத்தனர். எனினும் அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் என்பதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

இளமை

கூனி அன்றைய பிரசியாவின் குரோட்டோஷின் என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. பெற்றோர் இட்ட பெயர் மைக்கேல் கோன். 1888 ஆம் ஆண்டில், 19 வயதில், ஐக்கிய அமெரிக்காவிற்குக் குடியேறினார். பின்னர் தம் பெயரை மார்ட்டின் கோனி என்றும், அதன்பின் மார்ட்டின் கூனி என்றும் மாற்றிக்கொண்டார்.

அவர் தாமே கூறிவந்த வரலாறு வேறு. லைப்சிக்கிலும் பெர்லினிலும் மருத்துவம் பயின்றதாகவும், பாரிசில் புகழ்பெற்ற மகப்பேற்று மருத்துவர் பியேர் புடானிடம் பயிற்சி பெற்றதாகவும், அவரே தம்மை 1896 பெர்லின் கண்காட்சிக்கு அனுப்பியதாகவும் கூறினார். அங்கு ஆறு குறைப்பிரசவக் குழந்தைகளைப் பெட்டிகளில் வைத்துக் காட்டியதாகவும், ஆறும் பிழைத்ததாகவும் அவர் சொன்னார். பத்தொன்பது வயதில் கப்பலேறிய ஒருவர் அதற்கு முன்பே ஐரோப்பாவில் மருத்துவப் படிப்பை முடித்திருக்க இயலாது என்பது வெளிப்படை. ஆயினும் அவர் வாழ்ந்த காலத்தில் இக்கதையை ஆராய்ந்து பார்த்தவர் எவருமிலர்.

அடைகாப்புப் பெட்டியின் பின்னணி

கருவுற்ற 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைப்பிரசவக் குழந்தை எனப்படுகிறது. இத்தகைய குழந்தையின் தோலுக்கு அடியில் கொழுப்பு மிகக் குறைவு. எடையுடன் ஒப்பிட அதன் உடற்பரப்பு மிக அதிகம். ஆகையால் உடல் வெப்பத்தை விரைவில் இழந்துவிடும். ஏறத்தாழ 34 வாரங்களுக்கு முன் பிறந்தவற்றிற்குப் பாலைச் சப்புதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் திறன் முழுமையாக அமைந்திராது. நோய் எதிர்ப்பாற்றலும் குறைவு. குளிர், பசி, தொற்று ஆகிய மூன்றுமே அக்காலத்தில் இக்குழந்தைகளைப் பெரும்பாலும் கொன்றன.

பிரான்சில் ஸ்டெஃபான் தார்னியே என்னும் மருத்துவர், விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக்குஞ்சுகளைப் பொரிக்கும் பெட்டியைக் கண்டு, அதே முறையில் குழந்தைகளுக்கும் ஒன்றைச் செய்வித்தார். அது 1880 இல் பாரிசு மகப்பேற்று மருத்துவமனையில் பயன்பாட்டிற்கு வந்தது. 2000 கிராமிற்குக் குறைந்த எடையுடன் பிறந்தவற்றின் இறப்பு விழுக்காடு 66 இலிருந்து 38 ஆகக் குறைந்தது என அவர் அறிவித்தார். வெப்பம் ஒன்றே இத்தனை வேறுபாட்டை உண்டாக்கிற்று என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். மருந்து எதுவும் புதிதாகக் கொடுக்கப்படவில்லை.

கூனி பயன்படுத்தியது இதனினும் மேம்பட்டதான, நீஸ் நகரின் அலெக்சாந்தர் லியோன் வடிவமைத்த பெட்டியாகும். உலோகச் சட்டமும் கண்ணாடிக் கதவும் கொண்ட இதன் வெளிப்புறத்தில் ஒரு கொதிகலன் இருந்தது. அதிலிருந்து சுடுநீர் குழாய் வழியே குழந்தையின் படுக்கைக்கு அடியில் சுற்றிச் சென்றது. வெப்பநிலை ஏறினால் தெர்மோஸ்டாட் தானே அதைக் குறைத்தது. கட்டடத்திற்கு வெளியிலிருந்து இழுக்கப்பட்ட காற்று, கிருமிநாசினியில் நனைத்த பஞ்சினூடாகவும் உலர் பஞ்சினூடாகவும் வடிகட்டப்பட்டு உள்ளே சென்று, மேலுள்ள புகைபோக்கி வழியே வெளியேறிற்று. புகைபோக்கியில் ஒரு சிறு காற்றாடி பொருத்தப்பட்டிருந்தது. அது சுழன்றால் காற்றோட்டம் சீராக உள்ளது என்று பொருள். மின்னணுக் கருவிகள் இல்லாத காலத்தில் ஒரே பார்வையில் நிலையை அறியச் செய்த இவ்வேற்பாடு பொறியியல் நோக்கில் பாராட்டத்தக்கது. ஆனால் பெட்டியின் விலை மிக அதிகம். அதை இரவும் பகலும் கவனிக்கப் பயிற்சி பெற்ற செவிலியரும் தேவைப்பட்டனர். மருத்துவமனைகள் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். லியோனே தம் பெட்டிகளைப் பிரெஞ்சு நகரங்களில் கட்டணத்திற்குக் காட்டித்தான் செலவை ஈடுசெய்தார். எனவே கண்காட்சி என்னும் வழி கூனியின் கண்டுபிடிப்பன்று.

கண்காட்சிகள்

1897 இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் நடைபெற்ற விக்டோரியா காலக் கண்காட்சியில் கூனியும் அவருடைய கூட்டாளி சாமுவேல் ஷெங்கைனும் பெட்டிகளைக் காட்டினர். கூட்டம் பெருகியது. உடனே போலிகளும் தோன்றின. தொடக்கத்தில் வரவேற்ற தி லான்செட் மருத்துவ இதழ், 1898 இல், பயிற்சியற்றவர்கள் குழந்தைகளை வேடிக்கைப் பொருளாக்குவதைக் கண்டித்து எழுதியது. அக்கண்டனம் ஆதாரமற்றதன்று. 1904 இல் செயின்ட் லூயிசு உலகப் பொருட்காட்சியில் வேறு சிலர் நடத்திய இத்தகைய காட்சியில் வயிற்றுப்போக்குப் பரவிப் பல குழந்தைகள் இறந்தன. கூனிக்கு அதில் தொடர்பில்லை.

அமெரிக்காவில் 1898 இல் ஒமாகாவிலும் 1901 இல் பஃபலோவிலும் காட்சி நடத்திய கூனி, 1903 இல் நியூயார்க்கின் கோனி தீவிலுள்ள லூனா பார்க்கில் நிலையான கூடமொன்றை அமைத்தார். மறு ஆண்டில் அருகிலுள்ள டிரீம்லேண்டிலும் ஒன்று திறக்கப்பட்டது. அட்லாண்டிக் சிட்டி கடற்கரையிலும் நீண்டகாலம் ஒரு கூடம் இயங்கியது. இராட்டினங்களுக்கும் வித்தைக் கொட்டகைகளுக்கும் நடுவே, மருத்துவமனைகள் கைவிட்ட குழந்தைகள் வளர்ந்தன.

வெளியே ஒருவர் நின்று கூவி மக்களை அழைப்பார். நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் 25 சென்ட். உள்ளே வந்தோர் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்று கண்ணாடி வழியே பார்ப்பர். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 டாலர் செலவானது. பெற்றோரிடமிருந்து கூனி ஒரு காசும் வாங்கவில்லை. இனம், செல்வநிலை எதுவும் பாராமல் குழந்தைகளை ஏற்றார். கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு குழந்தையின் ஒருநாள் செலவிற்கு அறுபது பேர் சீட்டு வாங்கவேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் தாம் அறியாமலேயே ஒரு மருத்துவமனையை நடத்தினர் எனலாம்.

கூடத்தினுள் ஒழுங்கு கடுமையாக இருந்தது. அனுபவம் மிக்க செவிலியர் லூயிஸ் ரெக்ட் தலைமையேற்றார். 1903 இல் கூனி மணந்த அனபெல் மே செக்னரும் செவிலியரே. குழந்தைகளுக்குத் தாய்ப்பால் மட்டுமே தரப்பட்டது. அதற்கெனப் பாலூட்டும் தாயர் ஊதியத்தில் அமர்த்தப்பட்டு, அங்கேயே சமைத்த சத்துணவு பெற்றனர். கடைத்தெருவில் கண்டதை உண்ட தாயரைக் கூனி வேலையிலிருந்து நீக்கிவிடுவார் என்பர். உறிஞ்ச இயலாத குழந்தைக்குச் சிறு கரண்டியால் மூக்கின் வழியே துளித்துளியாகப் பால் புகட்டினர். கண்ணுக்குத் தெரியாத இத்தூய்மையும் பாலும், கண்ணைக் கவர்ந்த பெட்டிக்குச் சற்றும் குறையாத பங்கை ஆற்றின.

அதே வேளையில் கூனி கண்காட்சிக்காரராகவும் இருந்தார். குழந்தையின் சிறுமை நன்கு தெரியும்படி அளவிற் பெரிய உடைகளை அணிவித்தார். செவிலியர் ரெக்ட் தம் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றிக் குழந்தையின் மணிக்கட்டில் நுழைத்துக் காட்டுவார். விளக்கமளிப்போர் குழந்தைகளைப் பற்றிக் கேலி பேசினால் கூனி பொறுத்துக்கொள்ளமாட்டார்.

1907 இல் கூனியின் மகள் ஹில்டகார்டு குறைப்பிரசவத்தில் பிறந்தார். அவரும் அதே பெட்டியில் பேணப்பட்டுப் பிழைத்தார். பின்னாளில் செவிலியராகித் தந்தையின் கூடத்திலேயே பணிபுரிந்தார்.

1911 மே 27 அதிகாலையில் டிரீம்லேண்டு பூங்கா தீப்பற்றி முழுவதும் எரிந்தது. கூடத்திலிருந்த குழந்தைகள் இறந்தனவென முதலில் செய்தி பரவியது. உண்மையில் எல்லாக் குழந்தைகளும் மீட்கப்பட்டன. எனினும் மரத்தாலான கேளிக்கைக் கட்டடங்களினிடையே குழந்தைகளை வைத்திருந்ததைக் குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சங்கத்தினர் கண்டித்தனர். அவ்வாறாயின் வேறெங்கே வைப்பது என்ற வினாவிற்கு நகரத்திடம் விடை இல்லை.

இரட்டையர்

இரட்டையருக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு அதிகம். இன்றும் ஐக்கிய அமெரிக்காவில் இரட்டையருள் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரங்களுக்கு முன்பே பிறக்கின்றனர். கருப்பை அளவுக்கு மீறி விரிவதும், இருவரும் போதிய வளர்ச்சி பெறுமுன் மகப்பேறு தொடங்குவதும் இதற்குக் காரணங்கள். எனவே கூனியின் கூடங்களில் இரட்டையரும் முக்குழவியரும் அடிக்கடி காணப்பட்டதில் வியப்பில்லை. இருவருள் ஒருவர் மட்டும் பிழைப்பதும் அன்று வழமை. 1920 இல் நியூயார்க்கில் பிறந்த இரட்டைப் பெண்களுள் ஒருத்தி பிறப்பிலேயே இறந்தாள். ஏறத்தாழ இரண்டு பவுண்டு எடையிருந்த மற்றவளுக்கும் வாய்ப்பில்லை என மருத்துவர்கள் கூறினர். தந்தை அவளைப் போர்வையில் சுற்றி, வாடகைக் காரில் கோனி தீவிற்குக் கொண்டுசென்றார். அப்பெண் தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்தார்.

மருத்துவ உலகின் ஏற்பு

அக்காலத்தில் இனமேம்பாட்டுக் கொள்கை அமெரிக்காவில் செல்வாக்குப் பெற்றிருந்தது. வலுவற்ற குழந்தைகள் இறப்பதே இயற்கை என்று எண்ணியோர் கல்வியாளரிடையேயும் இருந்தனர். மாநிலச் சந்தைகளில் சிறந்த குழந்தைக்குப் பரிசளிக்கும் போட்டிகள் நடந்தன. மிகச் சிறிய குழந்தைகளை மக்கள் முன் வைத்து அவை பிழைப்பதைக் காட்டியதன் பயனை இந்தப் பின்னணியில்தான் மதிப்பிடவேண்டும்.

சிகாகோவின் குழந்தை மருத்துவர் ஜூலியஸ் ஹெஸ் கூனியை மதித்த மிகச் சிலருள் முதன்மையானவர். 1922 இல் குறைப்பிரசவக் குழந்தைகள் பற்றி அமெரிக்காவின் முதல் பாடநூலை வெளியிட்ட ஹெஸ், கூனியிடம் தாம் கற்றதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். 1933-34 சிகாகோ உலகப் பொருட்காட்சியில் இருவரும் இணைந்து செயற்பட்டனர். விசிறி நடனத்தால் பெயர்பெற்ற சாலி ராண்டின் அரங்கிற்கு அருகிலேயே குழந்தைகளின் கூடமும் அமைந்திருந்தது. 1934 ஜூலையில், முந்தைய கோடையில் பேணப்பட்ட 58 குழந்தைகளுள் 41 பேர் தாயருடன் அங்கு மீண்டும் கூடினர். இந்நிகழ்ச்சி வானொலியில் ஒலிபரப்பாயிற்று. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கென நகரளாவிய திட்டத்தைச் சிகாகோ வகுத்தது இதன்பின்னரே.

எண்ணிக்கை பற்றிய ஐயம்

தாம் ஏற்ற ஏறத்தாழ 8000 குழந்தைகளுள் 6500 பிழைத்தன என்று கூனி கூறிவந்தார். இது நூற்றுக்கு எண்பதிற்கும் மேல். இவை அவர் தந்த எண்கள். முழுமையான பதிவேடுகள் கிடைக்கவில்லை. மேலும், பிறந்த சில மணி நேரத்தில் இறந்த குழந்தைகள் கோனி தீவு வரை வந்துசேரவே இல்லை என்பதையும் கருதவேண்டும். வந்துசேர்ந்தவை ஓரளவு வலிமை வாய்ந்தவை. ஆகவே மருத்துவமனை எண்களுடன் இதை நேரடியாக ஒப்பிடல் பொருந்தாது. இக்கழிவுகளுக்குப் பின்னும், வேறு புகலிடமின்றி வந்த ஆயிரக்கணக்கானோர் உயிருடன் வீடு திரும்பினர் என்பதில் ஐயமில்லை.

இறுதிக்காலம்

1936 இல் மனைவி இறந்தார். 1939-40 நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் பெரும்பொருட் செலவில் அமைத்த கூடம் கூனிக்கு நட்டத்தையே தந்தது. மக்களுக்குப் புதுமை குறைந்திருந்தது. காட்சி முடிந்ததும் பெட்டிகளை நியூயார்க் நகருக்கு இலவசமாகத் தர முன்வந்தார். நகரம் ஏற்கவில்லை.

1943 இல் கார்னெல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த நியூயார்க் மருத்துவமனையில் குறைப்பிரசவக் குழந்தைகளுக்கான தனிப்பிரிவு திறக்கப்பட்டது. தம் பணி முடிந்ததென்று கூறி, அதே ஆண்டில் கூனி கோனி தீவுக் கூடத்தை மூடினார். 1950 மார்ச் 1 அன்று தமது 80 ஆம் வயதில் காலமானார். அப்போது அவரிடம் செல்வம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை.

1979 இல் பச்சிளங்குழந்தை மருத்துவர் வில்லியம் சில்வர்மன் இக்கண்காட்சிகளின் வரலாற்றை மருத்துவ இதழொன்றில் எழுதியபின் கூனி மீண்டும் கவனம் பெற்றார். 2018 இல் டான் ராஃபெல் எழுதிய நூல், குடியேற்றப் பதிவுகளை ஆராய்ந்து, அவருடைய மருத்துவப் படிப்புக் கதை நிலைக்காது என்பதைக் காட்டியது. அந்நூலுக்காக உரையாடிய முதியோர் பலர், கூனியின் கண்ணாடிப் பெட்டிகளில் கிடந்து வளர்ந்தவர்கள்.