தண்ணி மட்டும் ஊத்தினா போதுமா?

பழைய டர்போ கார் ஒண்ணு, மேடு ஏறும்போதெல்லாம் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுதுன்னு வைங்க. நீங்க கூலன்ட் ஊத்துவீங்க. மறுநாளும் அதே கதை. அப்போ நீங்க வில்ஹெல்ம் மேபாக்கைத் தெரிஞ்சுக்கணும்.

1846-ல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பத்து வயசுலயே அப்பா, அம்மா ரெண்டு பேரும் இல்லை. ராய்ட்லிங்கன் ஊர் அநாதை இல்லத்தில் வளர்ந்து, அங்கேயே இயந்திர வரைபடம் போடக் கத்துக்கிட்டார். அந்த இல்லத்தின் பட்டறைக்குப் பொறுப்பாளரா இருந்த காட்லீப் டைம்லர் கண்ணில் பட்டார். அதுக்கப்புறம் டைம்லர் எங்கே வேலைக்குப் போனாலும் மேபாக்கும் கூடவே.

ஆரம்பகாலக் கார்களில் தண்ணீர் கொதிச்சு ஆவியாகியே என்ஜின் குளிர்ந்தது. வழியில் நிறுத்தி நிறுத்தி ஊத்தணும். என்ஜின் சக்தி கூடினா, தொட்டியும் பெருசாகணுமா? மேபாக் வேற மாதிரி யோசிச்சார். தண்ணீர் வெறும் சுமைதூக்கி; வெப்பத்தை இறக்கி வைக்கிற இடம் காற்று. அப்போ காற்று படுற பரப்பைத்தானே கூட்டணும்?

1900 மார்ச்சில் டைம்லர் இறந்தார். அதே வருஷம், எமில் யெல்லினெக் கேட்ட வேகமான காருக்காக மேபாக் தேன்கூடு ரேடியேட்டரை வடிவமைச்சார். 6 மில்லிமீட்டர் அகலச் சதுரக் குழாய்கள், மொத்தம் 8,070. குழாய்க்குள்ளே காற்று, இடுக்குகளில் தண்ணீர், பின்னாடி ஒரு ஃபேன். தேவைப்பட்ட தண்ணீர் ஏறக்குறைய பாதியாச்சு. யெல்லினெக்கின் மகள் பெயரைச் சுமந்த அந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ், 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களை அள்ளியது.

ஆனாலும் கம்பெனிக்குள் ஓரங்கட்டப்பட்டு, 1907-ல் வெளியேறினார். வயசு 61. ஓய்ஞ்சு உட்காரலை. 1909-ல் மகன் கார்லோடு சேர்ந்து, செப்பலின் வான்கப்பல்களுக்கு என்ஜின் செய்யும் கம்பெனியைத் தொடங்கினார். 1929-ல் இறந்தார்.

இப்போ உங்க காருக்கு வாங்க. கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே போகுதா? கசிவைத் தேடுங்க, வெளியே கசிவே இல்லைன்னா ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்க. குறையலையா? வெப்பம் எங்கே இறங்காம நிக்குதுன்னு பாருங்க. டிராஃபிக்கில் மட்டும் சூடேறினா முதலில் ஃபேன். வேகத்திலும் மேட்டிலும் சூடேறினா ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். பல டர்போ கார்களில் ரேடியேட்டருக்கு முன்னாடி இன்டர்கூலர் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் அடையுற மண் வெளியே தெரியாது. அதைக் கழட்டிப் பாருங்க. என்ஜின் ஆறாம ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துடாதீங்க.

அடுத்த தடவை முள் ஏறும்போது, தண்ணி பாட்டிலோட நிறுத்திடாதீங்க. காற்றுக்கு வழி இருக்கான்னு பாருங்க.