பொதுநிலங் காத்த வழக்கறிஞர்

ஈட்டிய பொருளை அறத்திற்கு ஈவார் பலர். கற்ற கல்வியை ஈவார் சிலர். அச்சிலருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு வழக்கறிஞர் சர் இராபர்ட் ஹண்டர்.

இவர் 1844-இல் இலண்டனிற் பிறந்தார். 1868-இல் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கறிஞரானார். அக்காலத்தில் இலண்டனை அடுத்த எப்பிங் காட்டை நிலக்கிழார்கள் வேலியிட்டுத் தமதாக்கி வந்தனர். ஆடுமாடு மேய்க்கவும் விறகு கொள்ளவும் இடமின்றி ஏழைமக்கள் வருந்தினர். ஹண்டர் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, மேய்ச்சலுரிமை காடு முழுமைக்கும் பொது என்று தெளிந்தார். அங்கே நிலமுடைய இலண்டன் மாநகராட்சி அவ்வுரிமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு 1871-இல் வழக்குத் தொடுத்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கையில், 1872-இல், அவர்தம் மனைவியார் மறைந்தார். அத்துயரிலும் அவர் கடமையிற் றளர்ந்திலர். 1874-இல் வேலிகள் முறையற்றவை எனத் தீர்ப்பாயிற்று. 1878-இல் காட்டைக் காக்கும் சட்டமும் எழுந்தது.

1877-இல் மறுமணம் புரிந்து, மகளிர் மூவரைப் பெற்று, ஹேசில்மியர் என்னும் ஊரில் இல்லறம் இனிது நடாத்தினார். அஞ்சல் துறையின் சட்ட அலுவலும் வகித்தார்.

வழக்கில் வென்ற நிலமும் பின்னொருநாள் விலைப்படலாமே என்னும் கவலை அவரை விட்டிலது. ஆதலின் 1895-இல் ஆக்டேவியா ஹில் அம்மையாரும் ரான்ஸ்லி பாதிரியாரும் துணையாக, நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையம் கண்டார். அதன் நிலங்களை எவரும் விற்கவொண்ணாதபடி காக்க 1907-இல் சட்டமும் வகுத்தளித்தார். 1913-இல் அவர் மறைந்தார். அவர் காத்த காடு மறையவில்லை.

கொடுத்தல் அறம், கொடுத்தது கெடாமற் காத்தல் அதனினும் பேரறம்.