மானிப்பாய் மருத்துவர் கிரீன்

நாம் கற்கும் பாடங்களுள், ஒரு கணமும் நம்மைவிட்டு அகலாத பொருளைப் பற்றியது உடல்நூல். ஆயினும், இறுதித் தேர்வு நெருங்குங்கால் மாணவர் பலர்க்கு அந்நூலே மிகவும் அயலானதாகத் தோன்றுகின்றது. எலும்புகள் 206 என்றும், இதயத்தின் அறைகள் நான்கு என்றும் நெட்டுருச் செய்தோர், தம் மார்பினுள் நிகழ்வது யாதென்று தம் அன்னையர்க்கு எடுத்துரைக்க நேர்ந்தால் சொல்லின்றித் திகைக்கின்றனர். அறிவு ஒரு மொழியிலும் வாழ்வு மற்றொரு மொழியிலும் நிற்பது இதற்கு ஒரு காரணமாகும். அவ்விரண்டையும் ஒன்றுபடுத்த முயன்ற பெரியார் ஒருவரின் வரலாற்றைத் தேர்வுக் காலத்தில் அறிவது பொருத்தமுடைத்து. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலே மேனாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிரீனே அவர்.

கிரீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டரில் பிறந்தார். நியூயார்க்கு மாநகரின் அமைப்பிற்கு அரும்பாடுபட்ட ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் இவருடைய தமையனார். இவர் நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். தாய்நாட்டிலேயே தொழில் நடத்திப் பொருளீட்டும் வாய்ப்பிருந்தும், அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் நோயாளரைப் பார்க்கத் தொடங்கியதோடு, சிறு மருத்துவ வகுப்பொன்றையும் ஏற்படுத்தினார்.

அவ்வகுப்பு தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்ற இளைஞர்களே அதன் முதல் மாணாக்கர். அவர்கள் நன்றாகவே கற்றனர். ஆயின், கற்றவரிற் பலரை அரசாங்க உத்தியோகமும் அதிக ஊதியமும் வெளியூர்களுக்கு ஈர்த்துக்கொண்டன. எந்தக் கிராமங்களுக்காகக் கல்வி தொடங்கப்பட்டதோ அக்கிராமங்கள் மருத்துவரின்றியே இருந்தன. ஆங்கிலத்தில் கற்றவன் ஆங்கிலம் வழங்கும் இடத்தையே நாடுவான் என்பதைக் கிரீன் கண்டுகொண்டார். தமிழில் கற்பித்தால் மருத்துவன் தமிழ் மக்களிடையே தங்குவான் என்பது அவர் துணிபு. 1857ஆம் ஆண்டு தாய்நாடு சென்ற அவர், 1862ஆம் ஆண்டு மணம்புரிந்து மனைவியாருடன் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864ஆம் ஆண்டு முதல் தம் வகுப்பைத் தமிழிலேயே நடத்தலானார்.

தமிழில் கற்பிக்க நூல்கள் வேண்டுமன்றோ? கட்டர் என்பாரின் உடல்நூல், அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்னும் பெயருடன் 1857ஆம் ஆண்டளவில் ஏற்கெனவே வெளிவந்திருந்தது. அங்காதிபாதம் என்றது உடலின் கட்டமைப்பை. சுகரணம் என்றது உறுப்புகளின் தொழிலை. பின்னர், 1867ஆம் ஆண்டு இரணவைத்தியமும், 1872ஆம் ஆண்டு கிரே என்பாரின் பெருநூலின் தமிழாக்கமாகிய மனுஷ அங்காதிபாதமும், 1875ஆம் ஆண்டு கெமிஸ்தம் என்னும் வேதிநூலும் வெளிவந்தன. இவ்வரிசை நூல்களின் பக்கங்களைக் கூட்டினால் 4,000-க்கும் மேற்படும். டான்போர்த், சாப்மன் முதலிய தமிழ் மாணாக்கர் இம்மொழிபெயர்ப்பில் உடனுழைத்தனர். பொருளுக்கேற்ற சொல்லை முதலில் தமிழில் தேடுவது, கிடையாதவிடத்து வடமொழியை நாடுவது, அதுவும் உதவாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுவது என்பதே அவர்கள் கைக்கொண்ட முறை. சொற்களைத் திரட்டி அகராதிகளாகவும் வெளியிட்டனர்.

கிரீன் பயிற்றிய மருத்துவர் 60-க்கும் மேற்பட்டோர்; அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே கற்றவர். 1873ஆம் ஆண்டு அவர் யாழ்ப்பாணத்தினின்றும் விடைபெற்றார். வூஸ்டரில் இருந்துகொண்டும் தமிழ்ப் பணியை விட்டாரில்லை. டால்டன் என்பாரின் நூலைத் தழுவிய மனுஷ சுகரணம் 1883ஆம் ஆண்டு வெளிவந்தது. 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியராயிருந்தவர் என்ற குறிப்பே அவர் விருப்பப்படி கல்லறையில் பொறிக்கப்பட்டது.

அவர் முயற்சி முழு வெற்றி கண்டதெனல் பொருந்தாது. 1870ஆம் ஆண்டு கொழும்பில் ஆங்கில வழியில் மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. உத்தியோகம் அவ்வழியே சென்றது. கிரீனின் நூல்கள் வழக்கொழிந்தன. வடமொழி மிகுந்த அவர் சொற்கள் பல இன்று நமக்கு விளங்கா; அங்காதிபாதம் உடற்கூற்றியலாயிற்று, சுகரணம் உடலியங்கியலாயிற்று. எனினும், உடல்நூல் முழுவதையும் தமிழில் சொல்லவியலும் என்பதை அவர் செய்தே காட்டிவிட்டார். மானிப்பாயில் அவர் பெயரால் விளங்கும் மருத்துவமனை இன்றும் உள்ளது.

தேர்வுக்குப் படிக்கும் நமக்கு இதனாற் பெறப்படும் பயன் யாது? ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும், அதனை எளிய தமிழில் சொல்லிப் பார்த்தல் வேண்டும். உடலெங்கும் ஓடித் திரும்பிய இரத்தம் இதயத்தின் வல மேலறையை அடைந்து, வல கீழறைக்கு இறங்கி, நுரையீரலுக்குச் சென்று உயிர்வளி பெற்று, இட மேலறைக்கு வந்து, இட கீழறையினின்றும் பெருந்தமனி வழியே மீண்டும் உடலெங்கும் பாய்கின்றது. இதனைத் தடையின்றிச் சொல்ல வல்லவன் வினாத்தாளுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. சொல் தடைப்படும் இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

நம் கடற்கரையிலுள்ள மரக்காணத்து உப்பளங்களையே எடுத்துக்கொள்வோம். வெயிலில் பாத்தியிடை நின்று உப்பு வாருவோர்க்கு, எதிரே கடல் விரிந்திருந்தும் அந்நீர் தாகம் தீர்க்காதது ஏன்? கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. இரத்தத்தோடு ஒத்த செறிவுடைய உப்புநீர் ஆக்க ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பே போதும். கடல்நீரைப் பருகினால், மிகுந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகம் பருகியதினும் அதிக நீரைச் செலவிட நேரும். உடல் மேலும் வறளும். சிறுநீரகத்தைப் பற்றிப் படித்த மாணவன் ஒருவன் இதனை உப்பளத்தில் உழைக்கும் தன் தந்தையாருக்கு விளங்கச் சொல்வானாயின், அவன் படித்த பாடம் அவனுக்கு உரியதாகும். அத்தகைய மாணவருக்காகவே அயல்நாட்டில் பிறந்த ஒருவர் நம் மொழியைக் கற்று ஆண்டாண்டாய் உழைத்தார். அம்மொழி நமக்குப் பிறப்பிலேயே வாய்த்துள்ளது. அதனைப் பயன்கொள்வது நம் கடன்.