பெயர் மறைந்திருந்த பொறிஞர்

ருஷ்ய நாட்டின் ஏவுகணைகள் பல பெயர்களைத் தாங்கி நிற்பவை. வடிவமைத்தோர் இட்ட பெயர் ஒன்று. படைத்துறையார் இட்ட குறியெண் மற்றொன்று. எதிரணி நாடுகள் தம் வசதிக்கென வழங்கிய பெயர் பிறிதொன்று. இத்துணைப் பெயர் பெற்ற கருவிகளை ஆக்கித் தந்த தலைவருக்கோ, அவர் உயிரோடிருந்த நாளில் வெளியுலகில் பெயரே இல்லாதிருந்தது. அவர் செர்கேய் பாவ்லோவிச் கொரோலெவ் ஆவார்.

கொரோலெவ் 1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் உக்ரைனிலுள்ள ஷித்தோமிர் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தமையால், நேழின் என்னும் சிற்றூரில் பாட்டன் பாட்டியரிடம் தனிமையில் வளர்ந்தார். அவ்வூரில் ஒருநாள் விமானம் ஒன்று மேலெழுந்து பறக்கக் கண்ட சிறுவனின் உள்ளம், அன்று முதல் வானையே நாடிற்று. ஒதேசா நகரின் கட்டடத் தொழிற்பள்ளியில் பயிலும்போதே, தம் பதினேழாம் வயதில், எந்திரமின்றிப் பறக்கும் கிளைடர் ஒன்றை வடிவமைத்தார். பின்னர் மாஸ்கோ சென்று, விமானம் அமைப்பதில் வல்லவரான துப்பொலேவின் வழிகாட்டுதலில் பயின்று 1929இல் பட்டம் பெற்றார். அவரும் நண்பர் சிலரும் அமைத்த ராக்கெட்டு 1933ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் சென்றது. பனைமரங்கள் பலவற்றின் உயரமே அது. எனினும் அவர்தம் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. ஸ்டாலின் ஆட்சியில் குற்றமற்ற பல்லாயிரவர் சிறைப்பட்ட காலம் அது. 1938ஆம் ஆண்டு சூன் திங்களில் கொரோலெவும் பொய்க் குற்றம் சாட்டப்பெற்றுச் சிறைப்பட்டார். கடுங்குளிர் வாட்டும் கோலிமாப் பகுதியின் பொற்சுரங்கத்தில் அவர் வேலை செய்ய நேர்ந்தது. பற்கள் உதிர்ந்தன, உடல் நலிந்தது. அவருடைய அன்னையார் அதிகாரிகளுக்கு மனுக்கள் எழுதியும், புகழ்பெற்ற விமானிகளின் துணையை நாடியும் மகனுக்காகப் போராடினார். மாஸ்கோவுக்கு மீட்டழைக்கப்பெற்ற கொரோலெவ், சிறைப்பட்ட பொறிஞர்கள் பணிபுரிந்த வடிவமைப்புக் கூடம் ஒன்றில் சேர்க்கப்பட்டார். அங்கே தலைமை பூண்டிருந்தவர், தாமும் கைதியாயிருந்த பழைய ஆசான் துப்பொலேவே! கொரோலெவ் விடுதலை பெற்றது 1944இல்தான்.

போர் முடிந்தபின், தோல்வியுற்ற ஜெர்மனியின் வி-2 ஏவுகணையை ஆராயுமாறு அவரை அங்கு அனுப்பினர். அதனினும் சிறந்ததைத் தாமே படைக்க அவர் விழைந்தார். அரசோ முதலில் அதனைப் படியெடுக்கப் பணித்தது. அவ்வாறு பிறந்து 1948இல் வெற்றியுடன் பறந்தது ஆர்-1. ராக்கெட்டு என்னும் சொல்லின் முதலெழுத்தே அப்பெயரில் நின்றது. ஆர்-2, ஆர்-5 என வரிசை தொடர்ந்தது. அணுகுண்டைச் சுமந்து சென்று வெடிக்கச் செய்யும் சோதனையில் ஆர்-5எம் 1956இல் வெற்றி கண்டது. இப்பெயர்கள் மேலை நாட்டாருக்கு எட்டாதவை. ஆதலின் அவர்கள் எஸ்எஸ் என்னும் எழுத்துகளோடு ஓர் எண்ணையும், எஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொல் ஒன்றையும் சேர்த்து வழங்கினர். 1991ஆம் ஆண்டின் வளைகுடாப் போரில் செய்தித்தாள்கள்தோறும் இடம்பெற்ற ஸ்கட் என்பது இவ்வாறு வந்த பெயரே. கொரோலெவின் கூடத்தில் உருவான ஆர்-11 முதலில் அப்பெயர் பெற்றது.

இவற்றுள் தலையாயது ஆர்-7. படைத்துறையில் அது 8கே71. மேலை நாடுகளில் எஸ்எஸ்-6 சாப்வுட். ஆக்கியோரின் பேச்சு வழக்கில் ஏழு எனப் பொருள்படும் செம்யோர்க்கா. கண்டம் விட்டுக் கண்டம் தாவப் பேராற்றல் வேண்டும். எரியறையைப் பெரிதாக்கினால் நெருப்பு நிலைகுலைந்து எந்திரமே சிதறும். ஆதலின், எந்திரம் அமைத்த குளூஷ்கோ, ஒவ்வோர் எந்திரத்திலும் நான்கு சிறு எரியறைகளை வைத்தார். மேலே சென்றபின் எந்திரத்தை மூட்டுவது அந்நாளில் உறுதியற்ற செயல். எனவே நடுப்பகுதியைச் சுற்றி நான்கு துணைப் பகுதிகளைப் பிணைத்து, ஐந்தையும் தரையிலேயே மூட்டினர். 1957 மே திங்களில் எழுந்த முதல் ஏவுகணை வழியிலே தீப்பற்றி வீழ்ந்தது. அடுத்தது தளத்தைவிட்டு எழவே மறுத்தது. பிறிதொன்று வானில் சுழன்று சிதைந்தது. கொரோலெவ் தளர்ந்தாரல்லர். ஆகஸ்டு 21ஆம் நாள் ஆர்-7 கம்சாத்கா வரை பறந்தது.

போர்க்கருவியாக அது சிறந்ததன்று. திரவ ஆக்சிஜன் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், எரிபொருள் நிரப்பிக் காத்திருத்தல் இயலாது. ஏவுதளமோ மறைக்கவொண்ணாத பேருரு. 1968ஆம் ஆண்டளவில் படைப்பணியினின்று அது நீங்கியது. ஆயினும், கனத்த குண்டினைத் தூக்குதற்கென அமைந்த அதன் வலிமை விண்வெளிக்குப் பயன்பட்டது. 1957 அக்டோபர் 4இல் 83.6 கிலோகிராம் எடையுள்ள ஸ்புட்னிக்கையும், 1961 ஏப்ரல் 12இல் மேலடுக்கு ஒன்றைக் கூடுதலாகத் தாங்கிக் ககாரினையும் அதுவே சுமந்து சென்றது. இன்று பறக்கும் சோயுஸ் ஏவூர்திகள் அதன் வழிவந்தவை.

ககாரின் பெயரை உலகமே சொல்லி மகிழ்ந்தது. அவரை அனுப்பியவரையோ செய்தித்தாள்கள் தலைமை வடிவமைப்பாளர் என்று மட்டுமே குறித்தன. பிராவ்தா இதழில் அவர் எழுதிய கட்டுரைகளும் கே. செர்கேயெவ் என்னும் புனைபெயரிலேயே வெளிவந்தன. பகைவர் அறிந்து தீங்கிழைப்பர் என்னும் அச்சமே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. தம் உழைப்பின் புகழைத் தாமே கேட்டும் உரிமை பாராட்ட இயலாத அந்நிலை, கோலிமாவின் குளிருக்கு அடுத்த கொடுமை எனலாம்.

1966ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள், மாஸ்கோவில் அறுவை மருத்துவத்தின்போது கொரோலெவ் உயிர் நீத்தார். இரண்டு நாள் கழித்து, பிராவ்தா அவருடைய படத்தையும் பெயரையும் வெளியிட்டது. அவரது சாம்பல் கிரெம்ளின் மதிலில் வைக்கப்பெற்றது. அவர் பணிபுரிந்த, மாஸ்கோவையடுத்த கலினின்கிராது நகருக்கு 1996இல் கொரோலெவ் என்னும் பெயர் சூட்டப்பட்டது.