இதய வால்வுக்கு எக்ஸ்பைரி டேட் உண்டா? நோயாளியின் சொந்த வால்வையே இடம் மாற்றிய டொனால்ட் ராஸ் யார்?

இதய வால்வு ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் முறை திறந்து மூடுகிறது. காஞ்சிபுரத்து தறிக்காவது ராத்திரியில் ஓய்வு உண்டு, இதற்கு அதுவும் கிடையாது. அந்த இடத்தில் வைக்கும் மாற்று வால்வு எத்தனை வருஷம் தாங்கும்? இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்தான் டொனால்ட் ராஸ்.

1922-ல் தென்னாப்பிரிக்காவின் வைரச் சுரங்க ஊரான கிம்பர்லியில் பிறந்தார். கேப்டவுனில் மருத்துவம் படித்தபோது கூடப் படித்தவர் கிறிஸ்டியன் பர்னார்ட். ஆமாம், பின்னாளில் இதய மாற்று ஆபரேஷனில் உலகப் புகழ் பெற்ற அதே பர்னார்ட்! ராஸ் லண்டன் போய் கைஸ் மருத்துவமனையில் சேர்ந்தார்.

1962-ல் ஒரு நோயாளியின் அயோர்டிக் வால்வில் படிந்திருந்த கால்சியத்தை சுத்தம் செய்யும்போது, வால்வே சிதைந்து போனது. இறந்தவரிடமிருந்து எடுத்துப் பதப்படுத்தி வைத்திருந்த வால்வை ராஸ் அங்கே தைத்தார். அதே வருஷம் நியூசிலாந்தில் பிரையன் பாரட்-பாய்ஸும் இதைச் செய்தார்.

சிக்கல் என்னவென்றால், அது உயிரில்லாத திசு. தன்னைத்தானே சரிசெய்துகொள்ளாது. கால்சியம் படிந்து இறுகும், கிழியும். பன்றி வால்வு, மாட்டின் இதய உறையில் செய்யும் வால்வு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பொதுவாக 10 முதல் 15 வருஷம். வயதானவர்களுக்கு கூடுதலாக உழைக்கும், இளம் வயதில் சீக்கிரம் கெடும். மெட்டல் வால்வு அப்படித் தேயாது. ஆனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை, அடிக்கடி ஐஎன்ஆர் டெஸ்ட். கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரையே ஆபத்து.

1967-ல் ராஸ் துணிச்சலான ஒரு காரியம் செய்தார். நோயாளியின் சொந்த நுரையீரல் தமனி வால்வை எடுத்து அயோர்டிக் இடத்தில் வைத்தார். காலியான இடத்தில், அழுத்தம் குறைவு என்பதால், தானமாகக் கிடைத்த வால்வு. சொந்தத் திசு என்பதால் உயிரோடு இருக்கும், குழந்தைக்கு வைத்தால் கூடவே வளரும். மறுவருஷம் பிரிட்டனின் முதல் இதய மாற்று ஆபரேஷனையும் அவரே செய்தார். அந்த நோயாளி 45 நாள்தான் வாழ்ந்தார்.

ராஸ் ஆபரேஷனுக்கு எதிர்ப்பும் பலம். ஒரு வால்வு கெட்டதற்காக இரண்டு வால்வில் கை வைப்பதா என்று பல சர்ஜன்கள் ஒதுங்கினார்கள். நியாயமான கேள்விதான். 2010-ல் லான்செட் இதழில் வந்த லண்டன் ஆய்வில், 10 வருஷம் கழித்து ராஸ் முறையில் 97% பேரும், தான வால்வு வைத்தவர்களில் 83% பேரும் உயிரோடு இருந்தனர்.

2014 ஜூலையில், 91 வயதில் ராஸ் காலமானார். நம்மூரில் இளைஞர்களின் வால்வைக் கெடுப்பது பெரும்பாலும் ருமாட்டிக் காய்ச்சல். அது இடம் மாற்றிய வால்வையும் தாக்கக்கூடும் என்பதால், அவர்களுக்கு இந்த ஆபரேஷனை டாக்டர்கள் யோசித்துத்தான் சொல்கிறார்கள்.