வான நூலறிஞர் டெய்லர்

டோல்கேட்டில் எம் இல்லத்திற்கு அண்மையில் வாழ்ந்து மறைந்த கப்பற் பணியாளர் ஒருவரின் பழைய வானப் பஞ்சாங்கங்களை, அவர்தம் மக்கள் சென்ற திங்கள் எடைக்கு விற்கக் கட்டி வைத்தனர். காலங்கடந்த நூல்களால் யாது பயன் என்று எம்மை வினவினர். அவ்வினாவிற்கு விடை, நம் நகரில் உழைத்த பெரியார் ஒருவரின் வரலாற்றில் உள்ளது.

தாமஸ் கிளான்வில் டெய்லர் 1804-ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தார். தந்தையார் கிரீனிச்சு வான ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர். மைந்தரும் இளமையிலேயே அங்குப் பயின்று, 1830-இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வானநூலறிஞராகச் சென்னை அடைந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த ஆராய்ச்சி நிலையம், கடலோடிகளுக்குத் துணை செய்வதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. அங்கு டெய்லர், இந்திய உதவியாளருடன் ஆண்டுக்கணக்காக இரவில் விழித்திருந்து, விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தையும் அவற்றின் உயரத்தையும் அளந்தார். 11,015 விண்மீன்களின் நிலைகளை, 1835-ஆம் ஆண்டிற்கு அமைத்துக் கூறும் அவரது அட்டவணை 1844-இல் வெளிவந்தது. நான்காண்டுகட்குப் பின், 1848-இல், அவர் இங்கிலாந்தில் உயிர் நீத்தார்.

அவ்வட்டவணை நெடுநாள் புதியதாய் இருக்கவில்லை. புவியின் அச்சு பம்பரம் போல் மெல்லத் தலை சுற்றுவதால், விண்மீன்களின் நிலைகள் ஏறத்தாழ 72 ஆண்டிற்கு ஒரு பாகை பெயர்கின்றன. நிலையில் ஒரு பாகை பிழைத்தால் மாலுமியின் கணக்கில் 60 கடல்மைல் வரை பிழை நேரும். ஆயினும் அறிஞர் அந்நூலை எறிந்திலர். ஒரு விண்மீனின் சொந்த இயக்கத்தை அறிய, அதன் பண்டை நிலையையும் இன்றைய நிலையையும் ஒப்பிடல் வேண்டும். டெய்லர் கண்ட வானத்தை மீண்டும் அளத்தல் எவர்க்கும் இயலாது. ஆதலின், ஆண்டுதோறும் மாலுமிகளுக்குப் புதிய பஞ்சாங்கம் கணித்துத் தரும் பிரிட்டிஷ் அலுவலகத்தின் தலைவராயிருந்த டவுனிங் என்பாரே, அப்பழைய நூலைத் திருத்தி 1901-இல் மீண்டும் வெளியிட்டார்.

கணித்துச் சொல்லும் நூல் வேறு. கண்டு எழுதிய நூல் வேறு. முன்னதை மீண்டும் கணிக்கலாம். பின்னதை இழந்தால் இழந்ததே. இதனை அயலார்க்கு உரைத்தபின், கட்டை அவிழ்த்துப் பார்த்தோம். பெரும்பாலன அச்சிட்ட எண்களே. பிற நூலகங்களிலும் கிடைப்பன. அவை கடைக்குச் சென்றன. ஒன்றன் ஓரங்களில் மட்டும், அம்முதியவர் நடுக்கடலில் தாம் அளந்த விண்மீன் உயரங்களை நாளும் நேரமும் இட்டுப் பென்சிலாற் குறித்திருந்தார். அந்நூல் அவ்வீட்டு அலமாரியில் இருக்கின்றது.