இராசராசேச்சரம் எடுத்த மன்னன்

தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்தவன் முதலாம் இராசராச சோழன் என்பது இன்று சிறுவரும் அறிந்த செய்தி. பிற்காலத்தெழுந்த தலபுராணமோ அவனை அறியாது. கரிகாலன் என்னும் சோழன் தன் குட்டநோய் நீங்க அவ்வாலயத்தை எடுத்தான் என்றே அது கூறும். மக்களும் நெடுங்காலம் அவ்வாறே நம்பினர். தன் செயலை உலகம் மறத்தலாகாது எனப் பெரிதும் கருதிய வேந்தனுக்கே இது நேர்ந்தது.

சுந்தர சோழற்கும் வானவன் மாதேவியார்க்கும் மகனாய்ச் சதய நாளிற் பிறந்த அருண்மொழி, தமையன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டபின்னும் அரியணையை விரும்பாது சிறிய தந்தை உத்தம சோழற்கு விட்டுக்கொடுத்தான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழும். அஃது அவன் மகன் இராசேந்திரன் காலத்துச் செப்பேடு என்பதையும் உடன் நினைத்தல் நலம். கி.பி. 985-இல் முடிசூடினான். சேரநாடு, கங்கபாடி, ஈழம் முதலிய வெற்றிகள் யாவரும் அறிந்தனவே. அவ்வெற்றிகளை மெய்க்கீர்த்தியாக்கிக் கல்வெட்டுதோறும் முன்வைக்கும் வழக்கத்தைச் சோழர்க்குத் தந்தவன் அவனே.

பிறர் நினைவையும் அவன் காத்தான். திருமழபாடியிற் பழைய விமானத்தைப் பிரித்துப் புதுக்க ஆணையிட்டபோது, அதிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதலிற் புத்தகத்திற் படியெடுக்கச் செய்தான். இராசேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. திருப்பணி செய்வோர் கருதத்தக்கது இது. எழுத்துள்ள கற்களைத் தலைகீழாக வைத்துக் கட்டிய கோயில்களும் நம் நாட்டிற் பலவுள.

1010-இல், தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டில், இராசராசேச்சர விமானத்திற்குச் செப்புக்குடம் அளித்தான். தான் கொடுத்தவற்றோடு தமக்கை குந்தவையாரும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுவித்தான். பற்பல ஊர்த் தளிகளினின்று வருவித்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர்க்கும் பெயரும் மனையும் ஆங்குள. திருப்பதியம் பாடுவார் நாற்பத்தெண்மரும் உடுக்கை, மத்தளம் முழக்குவார் இருவரும் நாள்தோறும் பெறும் முக்குறுணி நெல்லும் உளது. 1014-இல் அவன் மறைந்தான்.

செல்லரித்த ஏடுகளினின்று திருமுறைகளை நம்பியாண்டார் நம்பியைக் கொண்டு மீட்பித்தவன் அவனே என்பது அன்பர் கொள்கை. தேவாரம் அவனுக்கு முன்னரே ஆலயங்களில் ஓதப்பெற்றமைக்குப் பல்லவர் கல்வெட்டுச் சான்றுண்டு. எனினும் ஓதுவார்க்கு இத்துணை நிலைபேறு அளித்தவன்மேல் அப்பணி முழுவதையும் ஏற்றிப் போற்றியதில் அன்பேயன்றிப் பிழையில்லை.

1279-க்குப்பின் சோழராட்சி ஓய்ந்தது. நாயக்கர் வந்தனர், மராட்டியர் வந்தனர். இராசராசேச்சரம் என்ற பெயர் தேய்ந்து பிருகதீச்சரம் என்பது வழங்கலாயிற்று. எழுத்தின் வடிவம் மாறியமையால், நாள்தோறும் வலம்வந்தாரும் அச்சுவரைப் படிக்கவியலாராயினர். சரபோசி மன்னர் 1803-இல் தம் குலவரலாற்றை மராத்தியில் அக்கோயிலிலேயே பொறித்தார். புராணக்கதை பிறந்ததும் இவ்விடைவெளியிலேதான். கட்டியவன் பெயரறியாப் பெருங்கோயிலுக்கு மக்கள் தாம் அறிந்த பெருஞ்சோழன் பெயரைச் சூட்டினர் போலும்.

1886-இல் கல்வெட்டாய்வாளராக அமர்ந்த செருமானியர் ஊல்ச்சு அச்சுவர்களைப் படித்து, 1891 முதல் நூலாக வெளியிட்டார். இராசராசன் மீண்டும் தன் கோயிலுக்கு உரியவனானான். 1931-இல் கோவிந்தசாமி என்னும் வரலாற்றறிஞர் கருவறைச் சுற்றறையில் நாயக்கர்கால ஓவியங்களை நோக்கினார். பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு வண்ணங்கள் தெரிந்தன. சோழர்காலத்துச் சுந்தரர், வெள்ளானைமேல் கயிலைக்குச் சென்றுகொண்டிருந்தார்.